கணினி அறிவியலில் இறுதியாண்டுக் குழுத் திட்டப்பணி

கணினி அறிவியல் பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில் மூன்று முதல் எட்டு மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒரு பருவமோ ஓர் ஆண்டோ உழைத்து, முழுமையான மென்பொருள் ஒன்றை உருவாக்கித் தரும் பாடம் இறுதியாண்டுக் குழுத் திட்டப்பணி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதைக் கேப்ஸ்டோன் புராஜெக்ட் என்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஃபைனல் இயர் புராஜெக்ட். தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், வலையமைப்பு, இயங்குதளம் என்று தனித்தனியாகப் படித்தவையெல்லாம் ஒரே வேலைக்குள் வந்து சேரும் முதல் இடம் இதுதான்.

மற்றப் பாடங்களில் கேள்வியை ஆசிரியர் எழுதுகிறார். விடையும் அவரிடம் இருக்கிறது. இங்கே கேள்வி என்னவென்பதையே மாணவர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. விடை சரியா என்று சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறார். அந்த வெளியாள் உண்மையானவரா, அவருக்கு அந்த மென்பொருள் உண்மையிலேயே தேவைப்படுகிறதா என்பதைப் பொறுத்தே இந்தப் பாடத்தின் தரம் அமைகிறது. குழுவின் அளவு, கால அளவு, மதிப்பெண் முறை எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பொறியியல் கல்வி பட்டறையை விட்டுக் கரும்பலகைக்கு நகர்ந்தது. 1955இல் அமெரிக்கப் பொறியியல் கல்விக் கழகத்துக்காக எல். இ. கிரின்டர் தலைமையிலான குழு அளித்த அறிக்கை அந்த நகர்வுக்கு வலுச் சேர்த்தது. பாடத்திட்டத்தில் கணிதத்துக்கும் அடிப்படை அறிவியலுக்கும் இடம் கூடியது. செய்முறை வேலைக்கான நேரம் சுருங்கியது. நாளடைவில், சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்த பட்டதாரிகளுக்கு ஒரு பொருளை வடிவமைத்து முடிக்கத் தெரியவில்லை என்று தொழில் துறையினர் குறைப்பட்டுக்கொண்டார்கள். இறுதியாண்டு வடிவமைப்புப் பாடங்கள் அந்தக் குறைக்கு மாற்றாகவே பரவின.

1963இல் கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட் நகரிலுள்ள ஹார்வி மட் கல்லூரியில் ஜாக் ஆல்ஃபோர்டு, மேக் கில்கெசன் என்ற இரண்டு பொறியியல் பேராசிரியர்கள் ‘கிளினிக்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். மருத்துவக் கல்வியைப் பின்பற்றியது அது: நிறுவனம் ஒன்று தன் சொந்தச் சிக்கலைக் கொண்டுவரும், அதற்குக் கட்டணமும் செலுத்தும், நான்கைந்து மாணவர்கள் கல்வியாண்டு முழுவதும் அதில் உழைப்பார்கள். பின்னாளில் கணினி அறிவியல் துறையும் இதே முறையை எடுத்துக்கொண்டது. இன்றும் அந்தக் கல்லூரியின் அடையாளங்களில் ஒன்று கிளினிக்.

கணினித் துறைக்கு இந்தத் தேவை தனியாகவும் எழுந்தது. பெரிய மென்பொருள்கள் காலக்கெடுவைத் தாண்டுவதும் பிழை மலிந்து வருவதும் 1960களில் பொதுக் கவலையாகிவிட்டன. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் கூடிய மாநாடு, ‘மென்பொருள் பொறியியல்’ என்ற பெயரையே தலைப்பாக வைத்து இதை விவாதித்தது. தனியொருவர் எழுதும் நிரலுக்கும் பலர் சேர்ந்து எழுதிப் பலர் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் இடையிலான தூரத்தைப் பாடத்திட்டம் கடந்தாக வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலகட்டத்தில் வலுத்தது.

அந்தத் தூரத்தைத் தன் அனுபவத்திலேயே அளந்தவர் ஃபிரெடரிக் புரூக்ஸ். ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிக்கான இயங்குதள உருவாக்கத்தை வழிநடத்திய அவர், 1964இல் சாப்பல் ஹில் நகரிலுள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் துறையை நிறுவினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்ற அவருடைய விதி, 1975இல் வந்த ‘தி மித்திகல் மேன்-மந்த்’ நூல் மூலம் உலகெங்கும் பரவியது. அவர் அங்கே இருபது தடவைக்கு மேல் நடத்திய மென்பொருள் பொறியியல் ஆய்வகப் பாடம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பேசப்பட்டிருக்க வேண்டும்.

அந்தப் பாடத்தில் நான்கே பேர் கொண்ட குழுவிலும் மேலாளர் ஒருவர், வடிவமைப்பாளர் வேறொருவர் என்று பிரித்தே ஆக வேண்டும் என்பது புரூக்ஸின் நிபந்தனை. நால்வருக்கு இரண்டு தலைமையா என்று தோன்றும். யார் எதை எப்போது முடிப்பது என்ற கவலையும், மென்பொருள் முழுவதும் ஒரே சிந்தனையில் அமைந்திருக்கிறதா என்ற கவலையும் ஒரே தலைக்குள் இருந்தால் நெருக்கடி வரும்போது இரண்டாவது கவலை தோற்றுவிடும் என்பதை அவர் பெரிய அளவில் பார்த்திருந்தார். பின்னர் இன்னொரு மாற்றத்தையும் கொண்டுவந்தார். முழு மென்பொருளையும் எழுதி முடித்துவிட்டு இயக்கிப் பார்ப்பதற்குப் பதில், ஒன்றுமே செய்யாத வெற்றுக் கூடொன்றை முதலில் இயங்க வைத்து, அதன்மேல் ஒவ்வொரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டே போவது. திரையில் ஏதோ ஒன்று முதன்முறையாக ஓடியதும் மாணவர் குழுக்களின் உற்சாகம் பொங்கி எழுந்ததைக் கண்டு வியந்ததாக அவரே எழுதியிருக்கிறார். இன்று அஜைல் என்ற பெயரில் எல்லாரும் கடைப்பிடிக்கும் பழக்கத்தின் பலனை ஒரு வகுப்பறையும் இப்படிக் காட்டித் தந்தது.

1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் மென்பொருள் பொறியியலில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியபோது, ஜேம்ஸ் டோமாய்கோ போன்றவர்களின் முயற்சியால் ‘ஸ்டூடியோ’ அதன் நடுநாயகமானது. கட்டடக்கலை மாணவர்கள் வரைகூடத்தில் ஆசிரியரின் கண்முன்னே வேலை செய்து கற்கும் முறையை மென்பொருளுக்குக் கொண்டுவந்த முயற்சி அது; படிப்புக் காலத்தோடு கூடவே ஓடும் நெடிய திட்டப்பணி. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பாரி போம் 1996இல் முதுகலை மாணவர்களைக் கொண்டு 15 குழுக்கள் அமைத்தார். வாடிக்கையாளர் அதே பல்கலைக்கழகத்தின் நூலகம். எண்ணிம வடிவில் குவிந்துகிடந்த படங்கள், ஆவணங்கள் முதலியவற்றைப் பயனருக்கு எட்டச் செய்யும் மென்பொருள்களை நூலகர்கள் கேட்டார்கள். முதல் பருவத்தில் தேவைகளும் வடிவமைப்பும். அதில் தேறியவற்றில் ஒரு பகுதியே இரண்டாம் பருவத்தில் நிரலாக வளர்ந்தது. கட்ட வேண்டாம் என்று முடிவெடுப்பதும் பொறியியல்தான் என்பதை மாணவர்கள் அங்கே மதிப்பெண் இழக்காமல் கற்றார்கள்.

தர அங்கீகார அமைப்புகளும் இதில் சேர்ந்துகொண்டன. அமெரிக்காவின் ஏபெட், 1990களின் இறுதியில் மாற்றியமைத்த அளவுகோல்களில் பெரிய வடிவமைப்பு அனுபவத்தையும் குழுவாகச் செயல்படும் திறனையும் வலியுறுத்தியது. ஏசிஎம், ஐஇஇஇ கணினிச் சங்கம் ஆகிய இரண்டு தொழில்முறை அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட மென்பொருள் பொறியியல் பாடத்திட்டப் பரிந்துரை, இந்தப் பணி ஒரு முழுக் கல்வியாண்டுக்கு நீள வேண்டும் என்கிறது. அவற்றின் 2013ஆம் ஆண்டுக் கணினி அறிவியல் பரிந்துரை, பட்டம் பெறும் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு கணிசமான திட்டப்பணியிலாவது பங்கேற்றிருக்க வேண்டும் என்றது.

பணி நகரும் விதம்

முதல் சில வாரங்கள் கேட்பதில் போகின்றன, போக வேண்டும். தொண்டு நிறுவனம் ஒன்று “எங்களுக்கு ஒரு மொபைல் ஆப் வேண்டும்” என்று கேட்டு வருவதாக வைத்துக்கொள்வோம். மாணவர்கள் உடனே திரை வடிவங்களை வரையத் துடிப்பார்கள். நேரில் போய் உட்கார்ந்து பார்த்தால்தான், களப்பணியாளர்கள் போகும் ஊர்களில் சிக்னல் வருவதே அரிது, தாளில் எழுதிவந்ததை மாலையில் அலுவலகத்திலுள்ள ஒரே கணினியில் ஒருவர் உட்கார்ந்து தட்டுகிறார், தப்பு வருவது அங்கேதான் என்பது தெரியவரும். அவர்களுக்கு வேண்டியது இணையம் இல்லாதபோதும் பதிவை வைத்திருந்து, இணைப்பு கிடைத்ததும் அனுப்பும் ஓர் எளிய படிவம். வாடிக்கையாளர் கேட்டதற்கும் அவருக்குத் தேவையானதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எந்தப் பாடப்புத்தகமும் கண்ணில் காட்டுவதில்லை. தேவைகள் ஆவணம் என்று மாணவர்கள் சலிப்போடு எழுதும் அந்த முப்பது நாற்பது பக்கங்களின் உண்மையான பயன் இந்த வித்தியாசத்தை எழுத்தில் பிடித்துவைப்பதுதான்.

அடுத்து வேலைப் பிரிவினை. ஒருவர் முகப்பு, ஒருவர் செர்வர், ஒருவர் தரவுத்தளம், ஒருவர் ஆவணம் என்று முதல் நாளே பிரித்துக்கொண்டு அவரவர் அறைக்குப் போய்விடும் குழுக்கள் பருவத்தின் பாதிவரை நிம்மதியாக இருக்கும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் நாள் வரும். முகப்பு எழுதியவர் ஆகஸ்ட் 5ஐ 05/08 என்று அனுப்புகிறார். செர்வர் எழுதியவரின் நிரல் அதை மே 8 என்று படித்துக்கொள்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது, ஏனென்றால் இரண்டுமே செல்லுபடியாகும் தேதிகள். 13ஆம் தேதியில் யாராவது ஒரு பதிவைப் போடும்போதுதான் நிரல் முறிந்து நிற்கும். இருவரும் தத்தம் பகுதியைச் சோதித்தவர்கள்தான், இருவரும் செய்தது சரிதான். இடைமுகத்தில் என்ன வடிவில் தரவு போய்வரும் என்று உட்கார்ந்து ஒரு வரி எழுதிக்கொள்ளாததுதான் தவறு. “என் லேப்டாப்பில் ஓடுகிறதே” என்ற வாசகம் பிறப்பதும் இதே இடத்தில்தான்.

இதற்கு மருந்தும் புரூக்ஸ் கண்ட அதே வழி: முதல் மாதத்திலேயே முகப்பிலிருந்து தரவுத்தளம்வரை ஒரே ஒரு மெல்லிய இழை ஓடிவிட வேண்டும். பெயரைத் தட்டினால் சேமிக்கிறது, மறுபடி கேட்டால் காட்டுகிறது, அவ்வளவு போதும். அதன் பின் ஒவ்வொருவரும் எழுதுவதை, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியத்தில் சிறு சிறு கிளைகளாக வைத்து, இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே முதன்மைக் கிளையில் மெர்ஜ் செய்வது வழக்கம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சோதனைகள் தானாக ஓடும்படி அமைத்துவிட்டால், முறிந்தது எந்த மாற்றத்தில் என்று தேடி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. டெமோவுக்கு முந்தைய நாள் புது வசதி எதையும் சேர்க்கக் கூடாது என்பதை ஏறக்குறைய எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். மாணவர்களால் அதைத்தான் கேட்க முடிவதில்லை.

குழு

நால்வர் குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 6 வழிகள் உண்டு, அறுவரானால் 15, எண்மரானால் 28. புரூக்ஸின் விதிக்குப் பின்னால் இருக்கும் கணக்குகளில் இதுவும் ஒன்று. பெரும்பாலான துறைகள் நான்கு முதல் ஆறு பேரோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணமும் இதுவே. மூவராக இருந்தால் ஒருவர் நோயில் படுத்தாலும் வேலை நின்றுவிடும்.

யார் யாரோடு சேர்வது என்பதை மாணவர்களிடமே விட்டால் நண்பர்கள் நண்பர்களோடு சேர்வார்கள், முதல் மதிப்பெண்காரர்கள் ஒன்றாவார்கள், யாரும் அழைக்காதவர்கள் கடைசியில் ஒரு குழுவாக எஞ்சுவார்கள். அந்தக் கடைசிக் குழுவின் நிலை மனதை உறுத்துவது. அதற்காகவே ஆசிரியர் அமைக்கும் குழுவை ஆதரிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வளர்ந்த கேட்மி என்ற கருவி, மாணவர்கள் எந்த நேரத்தில் கூட முடியும், யாருக்கு என்ன திறன் உண்டு என்பவற்றைக் கேட்டுக் குழு பிரிக்க உதவுகிறது. சந்திக்கப் பொதுவான நேரம் இல்லாத குழு எத்தனை திறமையானவர்களைக் கொண்டிருந்தாலும் தடுமாறும் என்பதால், இந்தச் சாதாரணக் கேள்வியே எல்லாவற்றிலும் முக்கியமாகிவிடுகிறது.

வேலை செய்யாமல் மதிப்பெண் மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர் எல்லா நாட்டிலும் உண்டு. அதைவிடக் குறைவாகப் பேசப்படும் சிக்கல் எல்லா வேலையையும் தானே செய்துவிடுகிறவர். திறமைசாலி ஒருவர் மற்றவர் எழுதியதை இரவோடு இரவாக அழித்துத் திருத்தி எழுதிவிடுவார். காலையில் மற்றவர்களுக்குத் தங்கள் மென்பொருளே அந்நியமாகிவிடும். பெண்கள் ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள குழுக்களில் அறிக்கை எழுதுவது, கூட்டக் குறிப்பு எடுப்பது, விளக்கப்படம் தயாரிப்பது ஆகியவை பேச்சின்றி அவர்கள் தலையில் விழுந்துவிடுவதும் பல ஆய்வுகளில் பதிவான ஒன்று. பொறுப்புகளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை சுழற்றுவதும், எல்லாருமே நிரல் எழுத வேண்டும் என்று விதிப்பதும் இவற்றுக்கு எதிராகத் துறைகள் கையாளும் வழிகள்.

மதிப்பெண்

இந்தப் பாடத்தில் ஆசிரியரை மிகவும் வாட்டுவது மதிப்பெண். மென்பொருள் ஒன்று, மாணவர்கள் ஐவர், பட்டமோ தனித்தனி. எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்தால் உழைத்தவருக்கு அநீதி. ஒவ்வொருவரையும் தனியாக அளந்தால் ஒருவருக்கொருவர் உதவுவது நின்றுவிடும்.

சக மாணவர் மதிப்பீடு இதற்கு இடைவழி. ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறையைத் தழுவி, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஃபெல்டரும் அவருடைய சகாக்களும் 2000இல் விவரித்த கணக்கு பரவலாக அறியப்பட்டது. குழுவின் மதிப்பெண் 80 என்று கொள்வோம். ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள் அளித்த மதிப்பீட்டின் சராசரி முறையே 90, 85, 75, 70. குழுவின் மொத்தச் சராசரி 80. எழுபது வாங்கியவரின் பெருக்கு எண் 70/80, அதாவது 0.875, அவருக்குக் கிடைப்பது 70 மதிப்பெண். தொண்ணூறு வாங்கியவரின் பெருக்கு எண் 1.125 ஆகும், ஆனால் 1.05க்கு மேல் போகாதபடி உச்சவரம்பு வைத்தால் அவருக்கு 84. தனியொருவர் எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்து பெயர் வாங்கும் ஆசையை அந்த உச்சவரம்பு கட்டுப்படுத்துகிறது. கேட்கும் கேள்வியிலும் கவனம் உண்டு: யார் புத்திசாலி என்று கேட்பதில்லை, கூட்டத்துக்கு வந்தாரா, ஏற்ற வேலையை முடித்தாரா, பிறருக்கு உதவினாரா என்று கேட்கிறார்கள். அப்படியும் நண்பர்கள் கூடிப் பேசி எல்லாருக்கும் நூறு போட்டுக்கொள்வது நடக்கிறது.

கிட் பதிவைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நம்புகிறவர்கள் உண்டு. வரி எண்ணிக்கை மிக மோசமான சாட்சி. நூலகக் கோப்பொன்றைத் தெரியாமல் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டால் ஒரே நொடியில் பல்லாயிரம் வரிகள் ஒருவர் கணக்கில் ஏறிவிடும். மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்த பிழையின் திருத்தம் ஒரே எழுத்தாக இருக்கலாம். இருவர் ஒரே திரையின் முன் உட்கார்ந்து எழுதினால் கமிட்டில் ஒருவர் பெயரே பதிவாகும். ஆனாலும் அந்தப் பதிவுக்கு ஒரு பயன் இருக்கிறது: வேலை பருவம் முழுவதும் பரவியிருக்கிறதா, கடைசி வாரத்தில் குவிந்திருக்கிறதா என்பதை அது மறைக்காமல் காட்டும்.

கடைசியில் நம்பத்தக்கது வாய்மொழித் தேர்வுதான். நிரலின் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, “இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டால் போதும். எழுதியவர் உடனே சொல்வார், அல்லது யோசித்துவிட்டுச் சொல்வார். எழுதாதவரால் அந்த யோசனையைக்கூடத் தொடங்க முடியாது. 2022இல் கிட்ஹப் கோபைலட் பொதுப் பயன்பாட்டுக்கு வந்து, அதே ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடியும் வெளியான பிறகு இந்த வைவாவின் மதிப்பு பல மடங்கு கூடியிருக்கிறது. இயந்திரம் நிரல் எழுதித் தரும் காலத்தில் நிரல் இருப்பது மட்டும் உழைப்புக்குச் சான்றாகாது. எதைக் கட்டினோம், எதை விட்டோம், ஏன் என்ற விளக்கமே சான்று.

யாருக்காகக் கட்டுவது

கட்டணம் செலுத்தும் நிறுவனம், தொண்டமைப்பு, திறமூலச் சமூகம், மாணவர்களின் சொந்த யோசனை என்று வாடிக்கையாளர் பல வகை. நிறுவனம் பணம் தரும் இடங்களில் உருவான மென்பொருளின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்கே போகும். மாணவர்கள் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியும் வரலாம். வேலை தேடும்போது தான் எழுதியதையே காட்ட முடியாமல் போவது அதன் குறை.

திறமூலத்தில் அந்தக் குறை இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் தன்னார்வ நிரலாளர்கள் உருவாக்கிய சகானா என்ற பேரிடர் மேலாண்மை மென்பொருளுக்கு, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரி மாணவர்கள் தன்னார்வலர் மேலாண்மைப் பகுதியை எழுதினார்கள். மனிதாபிமானத் திறமூலப் பணிகளைப் பாடத்திட்டத்தோடு இணைக்கும் இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. கனடாவில் கிரெக் வில்சன் முன்னின்று தொடங்கிய யூகாஸ்ப் திட்டத்தில் வெவ்வேறு பல்கலைக்கழக மாணவர்கள் ஒரே குழுவில் சேர்ந்து திறமூல மென்பொருள்களுக்குப் பங்களித்தார்கள். பருவத் தொடக்கத்தில் எல்லாரும் ஓர் ஊரில் சில நாள் கூடி முகம் பார்த்து வேலை செய்வார்கள். மீதிக் காலம் இணையத்தில்.

மாணவர்களின் சொந்த யோசனைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்ட் நகரிலுள்ள டிஜிபென் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து வந்தது. 2005இல் அங்கே இறுதியாண்டுக் குழுவொன்று ‘நார்பாகுலர் டிராப்’ என்ற விளையாட்டை உருவாக்கியது. சுவரில் இரண்டு வாசல்களைத் திறந்து, ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளிவந்து புதிர்களை அவிழ்ப்பதே ஆட்டம். மாணவர் கண்காட்சியில் இதைப் பார்த்த வால்வ் என்ற விளையாட்டு நிறுவனத்தார் குழுவைத் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். செயல்விளக்கத்தைப் பார்த்த நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் குழு முழுவதையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். அந்தக் கருவே 2007 அக்டோபரில் ‘போர்ட்டல்’ ஆக வெளிவந்தது. பின்னர் அதே கழகத்தின் இன்னொரு மாணவர் குழு உருவாக்கிய, பரப்பில் வண்ணம் பூசி இயக்கத்தை மாற்றும் ‘டேக்’ விளையாட்டின் யோசனை 2011இல் வந்த ‘போர்ட்டல் 2’க்குள் இடம்பிடித்தது. நால்வரோ எழுவரோ கொண்ட ஒரு குழு ஒரே ஒரு புதிய எண்ணத்தைச் செம்மையாகச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

பிற நாடுகள்

பிரிட்டனில் மரபு வேறு. பிரிட்டிஷ் கணினிச் சங்கத்தின் அங்கீகாரத்துக்குத் தனிநபர் திட்டப்பணி தேவை என்பதால், குழுப்பணி பல இடங்களில் முந்தைய ஆண்டுக்கு நகர்ந்துவிடுகிறது. கேம்பிரிட்ஜில் இரண்டாமாண்டில் தொழில்துறை வாடிக்கையாளரோடு குழுப்பணி, இறுதியாண்டில் தனி ஆய்வேடு. ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ட் புரூகே நடத்திய ஐபிராக்டிகம் பாடம் ஒரே பருவத்தில் பல நிறுவனங்களையும் ஏறத்தாழ நூறு மாணவர்களையும் இணைத்தது.

இலங்கையும் தமிழ்நாடும்

இலங்கையின் மொரட்டுவப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல், பொறியியல் துறையின் இறுதியாண்டுக் குழுப்பணி தனித்துச் சொல்லத் தக்கது. அங்கே நான்கு மாணவர்கள் தொடங்கிய ‘சித்தி’, ஓடிவரும் தரவிலிருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் குறிப்பிட்ட நிகழ்வுக் கோவைகளைக் கண்டுபிடிக்கும் இயந்திரம். 2011இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. இலங்கையில் வேர்கொண்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் அதைத் தன் மென்பொருளின் உட்பகுதியாக வளர்த்தது. ஊபர் நிறுவனம் மோசடிகளைக் கண்டறிய அதைப் பயன்படுத்தியது. அந்தத் துறையைச் சுற்றித் திறமூல நிறுவனங்களும் அவற்றில் பணியாற்றும் முன்னாள் மாணவர்களும் நெருக்கமாக இருந்ததே இதற்கு அடித்தளம்: வைவா முடிந்த பிறகும் அந்த நிரலைக் கேட்க ஆள் இருந்தது.

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் எட்டாம் பருவம் ஏறக்குறைய திட்டப்பணிக்கே உரியது. 2017 ஒழுங்குமுறையில் கணினி அறிவியல் மாணவருக்கு வாரம் 20 பாடவேளை, 10 கிரெடிட்; ஒரு பேட்சில் நால்வருக்கு மேல் கூடாது; மூன்று ரிவ்யூ, பின் வெளித்தேர்வாளர் முன்னிலையில் வைவா என்று இருந்தது. கட்டமைப்பில் குறை சொல்ல அதிகமில்லை. குறை தலைப்புத் தேர்விலேயே தொடங்குகிறது. ஜீரோத் ரிவ்யூ எனப்படும் தொடக்க மதிப்பாய்வுக்கு முன், தழுவிச் செய்வதற்கு ஒரு ‘பேஸ் பேப்பர்’ பிடிக்க வேண்டும் என்ற பழக்கம், யாருக்கு எது தேவை என்ற கேள்வியைக் கேட்க விடாமல், ஐஇஇஇ கட்டுரை ஒன்றைத் தேடும் வேலைக்கு மாணவரைத் தள்ளிவிடுகிறது. சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் புராஜெக்ட் சென்டர்கள் தழைத்தது இந்த இடைவெளியில்தான். தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவுக்கான கேள்வி பதில் எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும். வாங்குகிற மாணவரைத் திட்டுவது எளிது. நாற்பது ஐம்பது பேட்சுகளை ஒரு சில ஆசிரியர்கள் மேற்பார்வையிட வேண்டிய நிலையில், எந்த மென்பொருளையும் எவரும் பயன்படுத்தப் போவதில்லை என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது, நான்கு மாதம் இதற்காக மெனக்கெடச் சொல்ல வலுவான காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் தொலைவில் இல்லை. ஒவ்வொரு கல்லூரியையும் சுற்றிக் கூட்டுறவுச் சங்கம், ஆரம்ப சுகாதார நிலையம், அரசுப் பள்ளி, சிறு தொழிற்கூடம், கிளை நூலகம் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் நோட்டுப் புத்தகத்தில் நடக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான், அமைச்சகங்களிடமிருந்து உண்மையான சிக்கல்களைத் திரட்டி மாணவர் குழுக்களிடம் கொடுக்கிறது. ஆறு பேர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. ஓரிரு நாள் போட்டி ஒரு பருவத்தின் உழைப்புக்கு ஈடாகாது. ஆனால் அங்கே திரட்டப்படும் சிக்கல்களை எட்டாம் பருவத்துக்கு எடுத்துவரத் தடையேதும் இல்லை.

கையளிப்பு

பட்டமளிப்பு முடிந்ததும் குழு கலைந்துவிடும். மென்பொருள் வாடிக்கையாளரிடம் இருக்கும். செர்வர் வாடகையை யார் கட்டுவது, கடவுச்சொல் யாரிடம், பாதுகாப்புத் திருத்தங்களை யார் போடுவது? இவற்றுக்குப் பதில் இல்லாமல் நின்றுபோன மாணவர் மென்பொருள்கள் எல்லா நாட்டிலும் ஏராளம். ஒருமுறை அப்படிக் கைவிடப்பட்ட அமைப்பு அடுத்த மாணவர் குழுவை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

அமெரிக்காவின் போடன் கல்லூரியில் ஆலன் டக்கர் வழிகாட்டிய மாணவர்கள் 2008இல் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டிலுள்ள ரொனால்டு மெக்டொனால்டு இல்லத்துக்காக, தன்னார்வலர்களின் முறைப்பட்டியலைக் கவனிக்கும் ‘ஹோம்பேஸ்’ மென்பொருளை எழுதினார்கள். சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் குடும்பங்கள் தங்கும் இடம் அந்த இல்லம். திறமூல உரிமத்தில் வெளியிட்டதால் அடுத்தடுத்த மாணவர் குழுக்கள் அதே நிரலைத் திருத்தவும், வேறு தொண்டமைப்புகளுக்கேற்ப மாற்றி எழுதவும் முடிந்தது. புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட முன்னவர்கள் எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்டு தொடர்வது வேலைக்குப் போனபின் செய்யவிருப்பதற்கு நெருக்கமான பயிற்சியும்கூட.

கையளிப்பைத் தேர்வின் பகுதியாகவே வைக்கும் ஆசிரியர்கள் எளிய சோதனை ஒன்றைக் கையாள்கிறார்கள். குழுவில் இல்லாத மாணவர் ஒருவரிடம் புதிதாக அமைத்த கணினியையும் களஞ்சியத்தின் முகவரியையும் மட்டும் கொடுக்கிறார்கள். ரீட்மீ கோப்பில் எழுதியிருப்பதைப் படித்து, எழுதியவர்களிடம் எதுவும் கேட்காமல், அவர் அந்த மென்பொருளை நிறுவி இயக்கிக் காட்ட வேண்டும். அவர் எங்கே தடுமாறி நிற்கிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, குழு மறுபடி எழுத உட்காருகிறது.